பல்வலி இல்லாமல் பல் டாக்டரிடம் போனவர்

தொண்ணூறுகளில் ஒரு காலை, சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல மதினி. ஆனாலும் நேத்து பாளையில அந்தப் பல் டாக்டர்ட்ட போனேன்," என்றார் ஒருவர். அவர் நர்ஸ் என்பது பேச்சில் தெரிந்தது. மதினிக்கு வலது கன்னம் வீங்கியிருந்தது.

"எதுக்குப் போன?"

"போன வருசம் எங்கனயோ ஊசி போட்டு ஒங்களுக்கு மஞ்சக்காமால வந்துச்சுல்லா. அந்தப் பயத்துலதான பத்து நாளா வலியப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க. அதான், பல்லு பிடுங்குத சாமானெல்லாம் எப்படிக் கொதிக்க வைக்கீங்க, காட்டுங்கன்னு கேட்டேன்."

"அவரு கோவப்படலையா?"

"மொதல்ல மொறச்சாரு. பொறவு அவரே உள்ள கூட்டிட்டுப் போனாரு. கொதிக்குத தண்ணிக்குள்ள நடுவுல இன்னொரு இடுக்கியப் போட்டாங்க. அப்படிப் போட்டா மறுபடி மொதல்லருந்து இருவது நிமிசம் கொதிக்கணும்னேன். சரிம்மான்னு கடியாரத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் நின்னேன்."

"ஊசி?"

"ஒருக்கா போட்டுட்டுத் தூர எறியுததுதான். ஒங்க கண்ணு முன்னால பிரிக்கச் சொல்லியிருக்கேன்."

மதினி நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"நீயும் உள்ள வருவியா?"

"பக்கத்துலயேதான் நிப்பேன்."

பாளை பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் மதினி எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார். "பைய, மதினி, மெல்ல," என்றபடி நர்ஸ் பின்னால் ஓடினார்.