பதினாறு பிடி

மூட்டையை அங்க வைக்காதீங்க மாப்ள, தரை ஈரம். அந்தக் கொள்ளு இவனுக்குன்னு தனியா வாங்கறது. ஆமா, இவன்தான். முதலாளி பேசிட்டே இருப்பாரே, அந்தக் குதிரை. சின்னதாத் தெரியுதா? வாசல்லேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும், கிட்ட வாங்க. கிட்ட வந்தாலும் அப்படித்தான் தெரியுதா? சரி, விடுங்க.

வயசு நாலு ஆகுது. இன்னும் வளரும்னு எல்லாரும் சொல்றோம். ஏன்னா நான் சொல்லிட்டேன். குட்டி எவ்வளவு உயரம் வரும்னு தெரியணும்னா இந்த வட்டாரத்துல என்னைத்தான் கூப்பிடுவாங்க. உங்க மாமனாருன்னு பெருமைக்குச் சொல்லல. மூணு மாசக் குட்டியைக் குடுங்க, முன்னங்கால் முட்டியிலேர்ந்து குளம்பு ஆரம்பிக்கற இடம் வரைக்கும் நூல் புடிப்பேன். எத்தனை அங்குலமோ அத்தனை பிடி வளரும். ஒரு பிடின்னா நம்ம கை அகலம், நாலு அங்குலம். அவ்வளவுதான் வித்தை. மாட்டு டாக்டரு இருக்காரே, அவரு அப்பன் உயரத்தையும் ஆத்தா உயரத்தையும் கூட்டி ரெண்டால வகுப்பாரு. அவரு வீட்டுக் குதிரையே அதை மதிக்கல. நான் இதுவரைக்கும் நாப்பத்தொரு குட்டிக்குச் சொல்லிருக்கேன், நாப்பது சொன்னபடி வந்துச்சு.

மிச்சம் ஒண்ணா? இவன்தான்.

இவனுக்குப் பதினாறு பிடின்னேன். அஞ்சடி நாலங்குலம். முதலாளிக்குத் தலைகால் புரியல. அடுத்த வாரமே லாயத்து வாசலை இடிச்சு உசத்திட்டாரு, நிமிந்து பாருங்க, எல்லாம் இவனுக்காக. பதினாறு பிடிக் குதிரைக்குன்னு சேணம்கூடத் தைச்சு வச்சாச்சு. அதுல இப்ப பூனை குட்டி போட்டிருக்கு.

பதிமூணரைல நின்னுட்டான். ரெண்டு வருஷமா அசையல.

முதலாளி என்ன பண்ணுவாரு, பாவம். நான் சொன்னா சொன்னதுதான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அப்ப தப்பு யாரு மேல? தீனி போடறவன் மேல. முதல் ஆளு ஒன்பது வருஷம் இங்க இருந்தவன். கொள்ளைத் திருடறான்னு அனுப்பிட்டாங்க. அடுத்தவன் குதிரையைச் சரியாத் தூங்க விடலையாம். மூணாவது ஆளு நல்ல பையன், வேலை செய்யும்போது விசில் அடிப்பான். விசில் சத்தம் கேட்டா எலும்பு நீளாதுன்னு சொன்னது யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். முதலாளி காரணம் கேட்டாரு, ஏதாவது சொல்லணும்ல.

முறைக்காதீங்க மாப்ள. லாரி ஓட்டிட்டு நிம்மதியா இருந்த மனுஷனை நானா இழுத்துட்டு வந்தேன்? முதலாளிதான், அளவு உங்களுது, ஆளும் உங்க ஆளாவே இருக்கட்டும்னாரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஆறு மாசம் தவணை. அதுக்குள்ள ரெண்டரை பிடி ஏறணும். ஏறலேன்னாவா? அதை அவரு சொல்லல, நானும் கேக்கல. பேசாம நீங்க லாரிக்கே திரும்பப் போயிட்டா...

லாரியை வித்துட்டீங்களா? எப்ப? எம்பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

உக்காருங்க. அட, அந்த மூட்டை மேலயே உக்காருங்க. அந்த மூணு பேரும் ஒரு தப்பும் பண்ணல. நான் அளந்த அன்னிக்கு இங்க ரெண்டு குட்டி நின்னுச்சு, ரெண்டும் ஒரே மாதிரி செவலை. ஒண்ணுக்கு நூல் புடிச்சுட்டுச் சாப்பிடப் போனேன். வந்து கழுத்துல பதினாறுன்னு எழுதின சீட்டைக் கட்டினது இன்னொண்ணுக்கு. பத்து நாள் கழிச்சுத்தான் எனக்கே புரிஞ்சது. அன்னிக்கே சொல்லிருக்கலாம். அதுக்குள்ள வாசலை இடிச்சுட்டாங்களே.

அந்தக் குட்டியா? சீட்டு இல்லாதது, குட்டையா நின்னுடும்னு அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டாங்க. சந்தைல காய்கறி வண்டி இழுக்குது. போன வாரம் வண்டிக்காரன் அந்தப் பக்கம் போனப்ப நூல் புடிச்சுப் பாத்தேன். சரியாப் பதினாறு பிடி, அரை விரல்கூடக் குறையல.

முதலாளிகிட்டயா? அவருகிட்ட எப்படி மாப்ள சொல்றது? நீங்க ஆறு மாசம் பாருங்க. ஆனா என் கணக்கு தப்பலேன்னு எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்க.