பனவடலிசத்திரத்துக்குத் தனியாகப் போன செயலாளர்

சண்முகையா அண்ணாச்சி இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை காலையில், பனவடலிசத்திரம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் செயலாளராக இருந்த நம் வாக்காளர் மன்றத்திலிருந்து ஒருவர்கூட அவரோடு போயிருக்கவில்லை.

தலைமையேற்றிருக்கும் மைதீன் பாட்சா பாய் அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு நம்முன் அமர்ந்திருக்கும் கனகலட்சுமி அம்மா அவர்களே, சங்கரன்கோவில் வியாபாரப் பெருமக்களே, பூப்பறிப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் பனவடலிசத்திரத்துத் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் தலைச்சுமையாகப் பூ விற்று, கமிஷன் கடை வைத்தவன். மேடைப் பேச்சு வராது. ஆனால் ஒன்று தெரியும்: வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் கடை விரித்தவன் பிழைத்ததில்லை. நம் மன்றம் அப்படித்தான் கடை விரித்தது. அண்ணாச்சி ஒருவர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார். கேட்டோமா? கேட்கவில்லையே!

போன தேர்தலுக்கு முன்னால் நாம் என்ன செய்தோம்? 'இந்த வீட்டு வாக்கு விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்து, பனவடலிசத்திரத்தில் பூப்பறிக்கும் பெண்கள் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் தெருவில் வீடு வீடாக ஒட்டினோம். நல்ல வாசகம் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டினோம்.

காரணம் கேட்கப் போனவர் சண்முகையா அண்ணாச்சி மட்டும்தான். பூப்பறிக்கும் பேச்சித்தாய், இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு முன்ன வித்தோம்னு ஊருக்கே சொல்லுதியளோ? ஒங்க வீட்டுக் கதவுல ஒட்டிட்டா இங்கன வந்திய?"

அண்ணாச்சிக்குப் பொய் வராது. "இல்லம்மா, ஒட்டல."

"அப்ப ஒங்க வீட்டு ஓட்டு என்ன வெல அண்ணாச்சி?"

தெருவே சிரித்ததாம். அவரும் சிரித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, ஒவ்வொரு கதவாக நனைத்துச் சுரண்டியிருக்கிறார். அவர் சுரண்டச் சுரண்ட, பெண்கள் பேசத் தொடங்கினார்கள். விடியுமுன் பறித்த மல்லியைச் சந்தைக்குக் கொண்டுவர நேரத்துக்குப் பஸ் இல்லை. வந்து சேர்வதற்குள் விலை விழுந்துவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வந்த யாரும் அதைக் கேட்டதில்லை.

மன்றத்தில் வந்து சொன்னார். அதெல்லாம் கவுன்சிலர் வேலை, நாம் பேசுவது ஜனநாயகம் என்றோம். அவர் கோபப்படவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கவங்ககிட்ட ஜனநாயகம் பேசணும்னா, அவங்ககூட போய் நிக்கணும்லா வே" என்றார்.

நாம் போகவில்லை. அவர் போய் நின்றார், வாராவாரம். நின்ற இடத்திலேயே விழுந்தார். பூக்கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள் இந்தத் தாய்மார்கள். நாம் மாலையோடுதான் போய்ச் சேர்ந்தோம். ஒரு மன்றத்துக்கு இதைவிட வெட்கம் உண்டா?

படத்துக்குப் பூப்போட்டுவிட்டுக் கலைந்தால் அது நம் பழைய வியாபாரம். அதனால் நேற்று பாயும் நானும் பேச்சித்தாயிடம் போய், மன்றம் மறுபடி தெருவுக்குள் வரலாமா என்று கேட்டோம். உடனே சரி சொல்லவில்லை, பேரம் பேசினார். ஒத்துக்கொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். மைக் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. பூ சந்தைக்குப் போன பிறகுதான் கூட்டம். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் நாம் வாய் திறப்பது. பஸ் மனுவை மன்றம் தன் பேரில் கொடுப்பது. விடிகாலை பஸ் விடும்வரை தினமும் நம்மில் இருவர் அந்த நிறுத்தத்தில் நிற்பது. முதல் நாள் முறை எனக்கும் பாய்க்கும். ஒரு நாள் ஆள் வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்றார். சரி என்றேன்.