ஏழாவது மாடிக்குப் போற கஞ்சி

ஐயோ, மூடியோட வைக்காதீங்கக்கா, பொங்கி மைக்ரோவேவ் பூரா வழிஞ்சிரும். போன தடவ நான்தான் வழிய விட்டு, இந்த ஆஸ்பத்திரிக் கடைப் பொண்ணுகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரெண்டு நிமிஷம், நடுவுல ஒரு கிண்டு. அவ்வளவுதான்.

ஏழாவது மாடிதானே நீங்க? கையில பச்சைப் பட்டை இருக்கே, அதான் கேட்டேன். என்னோடது மஞ்சள், அஞ்சாவது மாடி. இதக் காட்டினா உங்க மாடிக் கதவு திறக்காது. காட்டிப் பாத்தாச்சு! ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ஆள்தானாம்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை வச்சிருக்கேன், பயந்துராதீங்க. இந்த டப்பாவ மேல கொண்டு போய்க் குடுக்கணும். ஜன்னலோரக் கட்டில், வெள்ளைத் தொப்பி போட்டிருப்பாங்க. எங்க கோஹூங் ஊருக்காரங்க. அட, உங்களுக்கு எதிர்க் கட்டிலேயா? நல்லதாப் போச்சு.

நான் யாருக்காக இருக்கேன்னா? மாமியாருக்கு. பெருங்குடல்ல புத்து. ஆறாவது கீமோ ஓடுது. மூணு மாசமா வாரம் விட்டு வாரம், கட்டிலுக்கு அடியில இருந்து இழுப்போமே, அந்தப் பலகையிலதான் படுக்கை. உங்களுக்கும் இடுப்பு விட்டுப் போகுதுல்ல?

வீடு அதுபாட்டுக்கு ஓடுது. வீட்டுக்காரர் சோறு வைக்கக் கத்துக்கிட்டார். ஃபோன்ல பாத்துப் பாத்து எங்க பொண்ணு ஹரமுக்குத் தலை பின்னி விடறார். டீச்சர் தினம் அவுத்து மறுபடி பின்னி விடறாங்களாம். ஓரகத்தி தொட்டுக்கை செஞ்சு அனுப்பறாங்க. நாத்தனார் சியோல்ல இருந்து அறிவுரை அனுப்பறாங்க. அது ஒண்ணுதான் கெட்டுப் போகாம வந்து சேருது.

மாமியாருக்கு வெள்ளணு குறைஞ்சிருச்சு, பச்சையா எதுவும் ஆகாது. முட்டைக்கோஸ் கிம்ச்சியக் கூட வேக வச்சுத்தான் குடுக்கறேன். மருமகளே, என்னைக் கொல்லப் போறது நோய் இல்ல, உன் வெந்த கிம்ச்சிதான்னு ஒரே திட்டு. ஆனா நான் ரெண்டு நிமிஷம் கண்ணுல படலைன்னா எழுந்து உக்காந்து வாசலையே பாப்பாங்க. விட்டுட்டு எங்க போறது?

சூடாயிருச்சு, எடுங்க. என்னோடது பரங்கிக்காய்க் கஞ்சி. ஆபரேஷன் பண்ணின உடம்புக்கு வீக்கம் வடியும்ல. குடுக்கலாம்னு டாக்டர் சொல்லியாச்சாம், விசாரிச்சுட்டேன். நேத்து வீட்டுக்காரர மாமியார்கிட்ட உக்கார வச்சுட்டு, வீட்டுக்குக் குளிக்கப் போனப்பக் கிண்டினது. கடைப் பாக்கெட் கஞ்சியும் பாதிக்குப் பாதி கலந்திருக்கேன். கைப்பக்குவத்தக் கண்டுபிடிச்சிரக் கூடாதுல்ல. நீங்க கடையில வாங்கினதுன்னே சொல்லிக் குடுங்க.

கூட இருக்கறவர்கிட்ட குடுத்து விட்டிருக்கலாமேன்னா? அது என் தம்பி. அவனுக்குப் பொய்யே வராதுக்கா. யாரு குடுத்தான்னு அம்மா ஒரு தடவ கேட்டாப் போதும், காது செவந்துரும்.

ஆமா, எங்கம்மாதான். செவ்வாய்க்கிழமை வயித்துல கட்டி எடுத்தாங்க. அதே நோய்தான். மாமியாருக்கு சியோல்ல வைத்தியம், நான் அங்க இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மாடி கீழ இருக்கேன்னு தெரிஞ்சா, தையலப் பிடிச்சுக்கிட்டு, மருந்துக் கம்பிய உருட்டிக்கிட்டு இறங்கி வந்துருவாங்க. மாமியாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னை மேல அனுப்பிட்டு அவங்க தனியாக் கிடப்பாங்க.

அழலக்கா, இது கொட்டாவி. லிஃப்ட் வந்துருச்சு, ஏறுங்க. அம்மா முத வாய் வைக்கும்போது முகத்த மட்டும் நல்லாப் பாத்துட்டு வாங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு இங்கயே நிக்கறேன்.