மூணாவது வரிசை

— அந்தச் சட்டையை உதறிக் கொடியில போடு குட்டி. இப்படி முறுக்கிக்கிட்டே நின்னா எப்பக் காயும்?

— அண்ணி, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க.

— எதுக்கு? காலையில கம்பெனிக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி ‘மூணாவது வரிசைத் தையல்தான் சரியில்ல’ன்னு சொன்ன. தரம் பாக்குறது உன் வேலை. அந்த வரிசைக்குத் தலைவி உன் அண்ணன் பொண்டாட்டிங்கிறதுக்காக மாத்திச் சொல்லுவியா?

— தப்பாச் சொல்லிட்டேன் அண்ணி.

— என்னடி உளறுற? சட்டை சட்டையா மிஷின்ல மாட்டி, தையல் பிரியுற வரைக்கும் இழுத்துப் பாத்தியே?

— பாத்தேன். மூணு வரிசைத் தையலும் சராசரியா ஒரே பலம்தான்னு முதல்ல வச்சுக்கணும். கணக்கு அதுக்கு ஒத்து வரலைன்னா, ஒரு வரிசையாவது வேறன்னு அர்த்தம். காலையில ஒத்து வரல. ஆனா எது வேறன்னு அந்தக் கணக்கு சொல்லாது.

— அப்ப எங்க வரிசைன்னு யாரு சொன்னா?

— நான்தான். உங்க பக்கம்தான் நாள் முழுக்க ஒரே சிரிப்பும் பேச்சும். வேற யாரா இருக்கும்னு... அதுக்குள்ள மேலாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டாரு, ஓடிட்டேன்.

— ம்... சிரிப்புக்குக் குறைச்சலில்லதான்.

— கணக்குப் போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம் பாத்தேன் அண்ணி. ஒரு சட்டைக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் இல்லாம எடுத்தேனா, ஒவ்வொரு வரிசையிலும் பலத்தோட அளவு நடுவுல குவிஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையுதா, மூணு வரிசையிலும் ஏத்த இறக்கம் ஒண்ணு போல இருக்கா, எல்லாம் பாத்தேன். என் மனசுக்குள்ள நானே முடிவு பண்ணி வச்சிருந்ததை மட்டும் பாக்கல.

— சரி விடு, மூக்கைத் துடை. ஐயோ, அந்தச் சட்டையில இல்ல, இப்பத்தான் துவைச்சேன்!

— மத்தியானம்தான் வரிசைங்களை ரெண்டு ரெண்டா வச்சு ஒப்பிட்டேன். வேற மாதிரி இருக்கிறது உங்க வரிசைதான்.

— பின்ன என்ன? சரியாத்தானே சொல்லியிருக்க!

— உங்க தையல்தான் கெட்டி அண்ணி. மத்த ரெண்டும் கிட்டவே வரல.

— கெட்டியா? எங்க வரிசையா?

— நாளைக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லிடுறேன். உங்க கால்ல வேணா விழறேன். ஏன் அண்ணி, கையில இருந்த சட்டையைக் கீழ போட்டுட்டீங்க?

— படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... கூட்டம் முடிஞ்ச கையோட, எங்க வரிசையில ஓயாம சிரிச்சுக்கிட்டிருந்த அந்த ரெண்டு பொண்ணுங்களையும் நான்தான் வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிட்டேன் குட்டி.