ஒற்றை இருக்கை

முதன்முறையாக விமானம் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் உதிரிபாகங்கள் அடங்கிய கிட்டை வாங்குகிறார்கள். அது சரியான முறை அல்ல. எந்தத் தரையில் இறங்கப் போகிறோம், எதற்காகப் பறக்கப் போகிறோம், கூட யார் உட்காரப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் வார்விக்கும் அப்படித்தான் பார்த்தோம். இரண்டு குளிர்காலம் பார்த்தோம்.

வார்விக் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவன். உங்களுக்கும் தெரியும், சார்ஜென்ட். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் மனைவி கிளெண்டா இறந்துபோன பிறகு கடையை விற்றுவிட்டு, பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தே கிடந்தான். அவனை எழுப்பி உட்கார வைத்தவன் நான். இளமையில் எடுத்த விமானி உரிமம் அவனிடம் இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. இருந்தாலும், நாமே ஒன்று கட்டலாமே என்று முதலில் சொன்னவன் நான்தான்.

மரத்தில் கட்டினால் உள்ளே பசை பிடித்திருக்கிறதா என்று வெளியே தெரியாது. துணி போர்த்துவதற்குப் பொறுமை வேண்டும், அவனுக்கு அது கிடையாது. அலுமினியம் என்றால் தகடுகளில் துளை போட்டே அனுப்புகிறார்கள், ரிவெட் ஆணி அடித்துக்கொண்டே போகலாம். ஆகவே அலுமினியம். இறக்கை தலைக்கு மேலே இருந்தால் கீழே கோதுமை வயலெல்லாம் மறைக்காமல் தெரியும். ஆகவே மேல் இறக்கை. ஒரு விமானக் கண்காட்சியில் அப்படிப்பட்ட ஒன்றில் இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். தோளோடு தோள் இடித்தது.

"நீ அந்த பேக்கரிப் பக்கம் போறத நிறுத்தணும்டா காலின். இல்லேன்னா நான் கதவுக்கு வெளியிலதான் உக்காரணும்" என்றான்.

நிறுத்தினேன். பெல்ட்டில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது.

வார்விக் வரவழைத்த கிட் மரப்பெட்டியில் வந்து இறங்கிய அன்று கடப்பாரையோடு அவன் ஷெட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்து, மேலே இருந்த சட்டத்தை எடுத்து அகலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்து பார்த்த விமானம் இல்லை. ஒரே ஒரு ஆள் உட்காரும் சின்ன விமானம்.

அவன் என்னைப் பார்க்காமல் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினான். முதல் தடவை கட்டுகிறவனுக்கு இதுதான் லேசு, சாமான் குறைவு, சீக்கிரம் முடியும் என்றான். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன் மூஞ்சி போற போக்கப் பாக்கணுமேன்னுதான்" என்றான்.

அவன் சொன்ன காரணங்களில் தவறில்லை. அதை ஒப்புக்கொண்டேன். அவனோடு சேர்ந்து கட்டவும் செய்தேன். அவன் அடித்த கோணல் ரிவெட்டுகளைப் பிடுங்கி மறுபடி அடித்தவன் நான்.

இறக்கை மாட்டியதைக் கொண்டாட எங்கள் விமான கிளப்பின் ஓடுதளத்தில் எல்லோரும் சாசேஜ் சுட்டார்கள். ரொட்டி எடுக்கப் போனபோது, ஷெட்டின் மறுபக்கம் வார்விக் நொலீனோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நொலீன் பல வருடம் வயல்களுக்கு விமானத்தில் மருந்து தெளித்தவள், எங்கள் கிளப்பிலேயே தேர்ந்த விமானி. கூட ஒரு சீட் வைத்திருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"கீழதான் எந்நேரமும் காலின் பேச்சு. மேல போயாவது காது கொஞ்சம் சும்மா இருக்கட்டுமே" என்றான் வார்விக்.

நொலீன் சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன்.

விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும், கைப்பிடியிலிருந்து வால் வரை ஒரு கம்பி போகிறது. வால் பக்கம் அதை ஒரு போல்ட்டும் நட்டும் பிடித்திருக்கும். நட்டு கழன்றுவிடாமல் ஒரு சின்னப் பின். முதல் தடவை பறக்கவிருந்த நாள் காலையில் வார்விக் அதையெல்லாம் இழுத்துப் பார்த்தான். பின் இருந்தது. அந்த இடத்து மூடியை நான் மாட்டுகிறேன், நீ போய் டீ குடி என்றேன். அவன் போனான். பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நட்டைக் கையால் திருகித் தளர்த்தினேன். பிறகு மூடியை நன்றாகவே மாட்டினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் திட்டமிடவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஓடுதளத்துக்குக் குறுக்காகக் காற்று கிளம்பியது. வார்விக் மரக்கிளைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்ததை நொலீன் கவனித்துவிட்டாள். முதல் சுற்று நான் போகிறேன், நீ நாளைக்குப் போ என்று அவனை ஓரமாக உட்கார வைத்தாள். அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கேக்கெல்லாம் செய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் கணவன் டெரி, ஓடுதளத்தில் மேய்ந்த கங்காருக்களை விரட்டப் போயிருந்தான்.

ஏறி உட்கார்ந்து பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"மூடியெல்லாம் பாத்தியா காலின்?"

"பாத்துட்டேன்" என்றேன்.

"நீ பாத்தா சரிதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னால். கிளம்பி, மரங்களைத் தாண்டித் திரும்பும்போது மூக்கு கீழே சாய்ந்தது. அப்புறம் நிமிரவில்லை.

விசாரித்தவர்கள் போல்ட் இல்லாததைக் கண்டார்கள். புதிதாகக் கட்டுகிறவன் பின்னை மறந்திருப்பான் என்று முடிவு செய்தார்கள். வார்விக்கும் அதை நம்பினான். பின்னைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் என் ஞாபகத்தையே நம்ப முடியவில்லை என்று அழுதான். தினமும் என் வீட்டுக்கு வந்தான். ஆட்டிறைச்சியும் பட்டாணியும் சமைத்து அவனைச் சாப்பிட வைத்தேன். மணிக்கணக்காகப் பேசுவேன், ஒரு வார்த்தை தடுக்காமல் கேட்பான். உன் தப்பு இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. நல்ல மாதங்கள் அவை.

போன வாரம் அவன் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தார்கள். டாஸ்மேனியாவில் இருக்கும் தங்கையிடம் போகிறானாம். பலகையைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் சொன்னான். மறுபடியும் அதே மாதிரி. கடைத்தெருவில் டெரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் போகிறேன் என்றான்.

அதற்காகத்தான் வந்தேன், சார்ஜென்ட். நொலீனைக் கொன்றது நான். அவன் கையில் பிழை இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவன் போக வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் கோபமாக இருப்பான். என்னை எங்கே வைத்தாலும் அவன் வந்து பார்க்கிற மாதிரி தூரத்தில் வையுங்கள். வருவான். என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?