சிவப்பு லேபல்

முஸம்மில் முதலாளி எனக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். பலாபத்வல சுண்ணாம்புச் சூளையில் நான் கல் சுமந்த கடைசி மாசச் சம்பளம். கெட்ட மனுஷன் இல்லை, இன்ஸ்பெக்டர் சேர். பகிடிக்காரர். காசு கேட்டுப் போனால் பிளேன்டீ தந்து, "எங்க எழுதியிருக்கு ஜெஸ்டின்? காட்டு, இப்பவே தாறேன்" என்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

அதுக்காகத்தான் நாற்பத்தெட்டு வயசில் எழுத்துப் படிச்சேன். இந்த வாக்குமூலத்தையும் நானேதான் எழுதுறேன். கோணலுக்கு மன்னிக்கணும்.

படிச்சதால் மாத்தளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைச்சது. ஒஸ்வல்ட் சேர் மீட்டரோட வந்து, மெஷின்களில் கரண்ட் கசியுதா என்று பார்ப்பார். நான் தூக்கிக் கொடுப்பேன், லேபல் எழுதி ஒட்டுவேன். நல்லதுக்குப் பச்சை, பழுதுக்குச் சிவப்பு. போன மாசம் ஒரு இதய மொனிட்டருக்கு மீட்டர் கத்திச்சு.

"ஏர்த் வயர் அறுந்து கரண்ட் வெளிய கசியுது. ஒரு கை இரும்பில, ஒரு கை இதில வெச்சா ஆள் முடிஞ்சுது. ஸ்டோருக்குள்ள போடு" என்றார்.

"பாவிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். நான் எழுதினதிலேயே அதுதான் அழகு.

அடுத்த செவ்வாய் பகல் முதலாளி நெஞ்சுவலியோட வந்து படுத்தார். நர்ஸ் டிலுக்ஷி மிஸ் மொனிட்டர் கொண்டு வரச் சொன்னாங்க. ஸ்டோரில் ரெண்டு இருந்தது. பச்சை கதவடியில், சிவப்பு கடைசி மூலையில். நான் மூலைக்குப் போனேன். லேபலைக் கட்டில் பக்கம் திருப்பி வெச்சு, பிளக்கைக் குத்தி, சுவிட்சைப் போட்டேன். மிஸ் நெஞ்சில் ஒட்டுற வயர் எடுக்கப் போயிருந்தாங்க.

முதலாளி என்னைக் கண்டதும் சிரிச்சார். "அட ஜெஸ்டின்! மெஷின் உன் கையிலயா? அப்ப நான் மௌத்துதான்." பிறகு கண்ணைச் சுருக்கினார். "அந்தச் சிவப்பில என்னடா எழுதியிருக்கு? கண்ணாடி இல்ல, வாசி."

"எனக்கு எங்க முதலாளி எழுத்துத் தெரியும்" என்றேன்.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "இரு, நானே பார்க்கிறேன்" என்று கட்டில் கம்பியைப் பிடிச்சு எழும்பி, மற்றக் கையால் மெஷினைத் தன் பக்கம் இழுத்தார்.

நான் ரப்பர் செருப்போட நின்று பார்த்தேன். அசைவு நின்ற பிறகு சுவிட்சை நிப்பாட்டினேன்.

முதலாளியின் மையத்தை அடக்கம் பண்ண எடுக்க முன்னம் மகன் றம்ஸி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "வாப்பா யாருக்கும் கடன் வெச்சிருந்தா சொல்லுங்க. எழுத்து வேணாம், வாய்ச்சொல் போதும். நான் தாறேன்."

கணக்கு எழுதின துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. கிழிச்சுப் போட்டேன்.

"பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது இருக்கு தம்பி. தள்ளுபடி பண்ணிட்டேன்" என்றேன்.

செத்தவர் மேல வன்மம் வெச்சிருக்கிறது என் பழக்கம் இல்லை, சேர்.