ரெண்டு ஸ்வெட்டரோட ஒரு வாக்கிங்

"…அந்தப் பெஞ்சுல பாரு ஸ்வப்னா! மங்கி கேப் தெரியுதா? அதான் எங்க வீட்டுக்காரர். நடக்கக் கூட்டிட்டு வந்தா உக்காந்துட்டாரு! டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு, 'செல்வராஜ் ஜீ, இந்த மாசமும் சுகர் எறங்கலேன்னா ஊசிதான்'னு. ஊசின்னா இவருக்கு உசுரே போயிரும். ஆனா அசையறாரா பாரு!"

வடக்கே, முனிர்காவில் ஜனவரிப் பனிமூட்டம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஸ்வப்னாவைப் பூங்கா வாசலிலேயே மடக்கிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் உஷாராணி. ஓட வந்த பெண் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன கொற வச்சேன்? ரெண்டு தெர்மல், ரெண்டு ஸ்வெட்டர், அதுமேல ஜாக்கெட்டு, மப்ளரு, காதுல பஞ்சு… என்னது, வேர்க்குமா? வேர்த்தா நல்லதுதானே! 'உஷா, கையக் கீழ எறக்க முடியல'ங்கிறாரு. நடக்கறது காலுதானே, கை எதுக்கு? குனியவும் முடியலியாம். ஷூ லேஸ நாந்தான் கட்டிவிட்டேன், என் இடுப்பு போச்சு… ஆமா, நீ என்னம்மா இத்துணூண்டு சட்டையில வந்திருக்க? அச்சா… மொதல்ல லேசாக் குளிரணுமா? ஓட ஆரம்பிச்சாச் சூடாயிருமா? எவ சொன்னா ஒனக்கு?

"அய்யய்ய, அங்க பாரு! உள்பனியனோட ஒருத்தன் ஓடறான்! திரும்பத் திரும்ப வர்றான், வெக்கங்கெட்டவன். கண்ணாடி பூரா பனி, மூஞ்சி தெரியல. வீட்டுல பொண்டாட்டி இருந்தா இப்பிடி அனுப்புவாளா? இருந்தாலும் கிறுக்கச்சியாத்தான் இருப்பா! ஆனா ஓட்டத்தப் பாரேன், என்ன ஜோரு… இவரும் இருக்காரே! ஏங்க! எந்திரிங்க, ஜல்தி! பாத்தியா, திரும்பக்கூட மாட்டேங்கிறாரு. பாவம், வெறைச்சுட்டாரு போல. இரு, என் சால்வையையும் போத்திட்டு வந்துர்றேன்."

போர்த்தினாள். மங்கி கேப் உருண்டு கீழே விழுந்தது. உள்ளே தலை இல்லை. பெஞ்சின் முதுகில் ஜாக்கெட், அதற்குள் ரெண்டு ஸ்வெட்டர், மேலே சுருட்டி வைத்த மப்ளர்.

"உஷா! இன்னும் ஒரு ரவுண்டுதான்!" உள்பனியன் கையை வீசியபடி அவளைக் கடந்து ஓடியது.

"பாத்தியா ஸ்வப்னா இந்த அநியாயத்த…"

ஸ்வப்னா இல்லை. பனிக்குள் அவளும் ஓடிக்கொண்டிருந்தாள்.

உஷாராணி கேப்பை எடுத்துத் தட்டி, மப்ளர் மேலேயே உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்க, நான் என்ன கொற வச்சேன்?"

அது மட்டும் எங்கேயும் ஓடவில்லை.